தாத்தா எங்கே பிறந்தார்?

2025 டிசம்பரின் இந்தக் கடைசி வாரத்தில், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் எந்தக் கடையில் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தாலும் பேச்சு இரண்டு விஷயத்தைத்தான் சுற்றுகிறது. ஒன்று, சனிக்கிழமை புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் நடந்த விஜய் படத்தின் இசை வெளியீட்டு விழா. மற்றது, நம் மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் மீது உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா அடுக்கிக்கொண்டே போகும் தண்டனைகள். முதல் செய்தியை முகம் மலரப் பேசுகிறார்கள். இரண்டாவதற்குத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. 2025 ஜூன் 10ஆம் தேதி காற்பந்தில் வியட்நாமை 4–0 என்று நாம் வென்றதும் இதே புக்கிட் ஜாலிலில்தான்.

விழாவை முதலில் பேசிவிடுகிறேன். எங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போனவர்கள் உண்டு, ரயில் ஏறிப் போனவர்கள் உண்டு, பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே நெடுஞ்சாலையைப் பிடித்தவர்களும் உண்டு. கடைசிப் படம் என்று அவரே அறிவித்துவிட்ட பிறகு வராமல் இருப்பார்களா? அரசியல் பேசக் கூடாது என்று நம் போலீஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தது. பேசாவிட்டாலும் கூட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. 2018இல் நடிகர் சங்க நட்சத்திர விழாவுக்கும், 2023இல் ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரிக்கும் இதே அரங்குக்குத்தான் நம்மவர்கள் திரண்டார்கள். 1998 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய, எண்பதாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் அரங்கு அது.

மறுநாள் காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் திட்டத் தொடங்கிவிட்டார்கள். நடிகனுக்குப் பின்னால் ஓடும் கூட்டம், டிக்கெட்டுக்குக் கொட்டிய காசைப் பிள்ளை படிப்புக்குச் செலவழிக்கக் கூடாதா, இந்த இனம் உருப்படுமா என்று வரிசையாக வருகிறது. இந்தத் திட்டை நான் ஏற்கவில்லை. செம்பனைத் தோட்டத்திலும் தொழிற்சாலை ஷிப்டிலும் வருடம் முழுக்க உழைக்கிறவன் ஓர் இரவு தன் மொழியில் பாட்டுக் கேட்டு, தன் மொழியில் கத்தி, தன்னைப் போன்ற பல்லாயிரம் பேரோடு நின்றுவிட்டு வருகிறான். நாட்டின் மிகப் பெரிய அரங்கில் ஒலிபெருக்கி முழுக்கத் தமிழ் கேட்பது அவனுக்குச் சாதாரண விஷயம் இல்லை. அந்த ஆசையைக் கேலி செய்கிறவர்கள், அதே அரங்கில் தமிழன் பெயர் வேறு எதற்காக ஒலிக்கிறது என்று யோசித்துப் பார்க்கட்டும். என் கோபம் அங்கேதான் இருக்கிறது.

காற்பந்துக்கு வருகிறேன்.

2014க்குப் பிறகு வியட்நாமை நாம் ஒரு தடவைகூட வென்றிருக்கவில்லை. அதனால் ஜூன் மாத வெற்றியை ஊரே கொண்டாடியது. நானும் தொண்டை கட்டும்வரை கத்தினேன். செப்டம்பர் 26ஆம் தேதி ஃபிஃபாவின் அறிவிப்பு வந்தது. அந்த ஆட்டத்தில் இறங்கிய, வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களுக்காகக் கொடுத்த பத்திரங்கள் போலியானவை. ஏழு பேருக்கும் 12 மாதத் தடை, மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். அக்டோபரில் ஃபிஃபா தன் விரிவான தீர்ப்பை வெளியிட்டபோதுதான் முழுக் கதையும் தெரிந்தது. அப்பாவோ அம்மாவோ, தாத்தாவோ பாட்டியோ ஒரு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டுக்காக ஆடலாம் என்பது விதி. சங்கம் கொடுத்த பத்திரங்களில் அவர்களுடைய தாத்தா பாட்டிகள் பினாங்கிலும் மலாக்காவிலும் ஜொகூரிலும் சரவாக்கிலும் பிறந்ததாக இருந்தது. ஃபிஃபா அந்தந்த நாட்டு மூலப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தது. அந்தத் தாத்தா பாட்டிகள் பிறந்தது அர்ஜென்டினாவில், பிரேசிலில், ஸ்பெயினில், நெதர்லாந்தில்.

சங்கம் இதை அலுவலகத் தவறு என்று சொன்னது. நவம்பரில் மேல்முறையீடு தள்ளுபடியானது. டிசம்பரில், கேப் வெர்டே, சிங்கப்பூர், பாலஸ்தீனம் ஆகிய அணிகளுக்கு எதிரான மூன்று நட்பு ஆட்டங்களும் 0–3 தோல்வியாக மாற்றப்பட்டன. விவகாரம் அந்த டிசம்பரில் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே என்ன ஆனாலும், ஒரு பேரனின் ஆட்டத்துக்காகத் தாத்தாவின் பிறந்த ஊரை மாற்றி எழுதிய பத்திரத்தை நம் நாட்டின் பெயரில் நீட்டிவிட்டார்கள் என்ற அவமானம் போகாது.

நான் கலப்புப் பிறப்புக்கு எதிரானவன் இல்லை. அந்த 4–0 ஆட்டத்தில் முதல் இரண்டு கோல்களைப் போட்டவர்கள் ஃபிகெய்ரெடோவும் ஹொல்காடோவும். இருவருமே தடை செய்யப்பட்ட ஏழு பேரில் சேர்ந்தவர்கள். மூன்றாவது கோல் லாவேர் கார்பின்-ஓங், நான்காவது டியோன் கூல்ஸ். கார்பின்-ஓங் லண்டனில் பிறந்தவர், அவருடைய தாய் மலேசியர். கூல்ஸ் கூச்சிங்கிலேயே பிறந்து பெல்ஜியத்தில் வளர்ந்தவர். இவர்கள் நம் பிள்ளைகள், யாரும் வாய் திறக்க இடமில்லை. உண்மையான உறவைத் தேடிப் போய் அழைத்து வருவது நல்ல வேலை. பொய்யான உறவை எழுதி ஒட்டுவது, ரத்தத்தாலும் மண்ணாலும் இந்த நாட்டோடு உறவுள்ள அத்தனை பேரையும் சிறுமைப்படுத்துகிற வேலை.

அந்த அத்தனை பேரில் ஒருவர் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறார். தோட்டத்தை விற்றபோது லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு வெளியேறி இங்கே வந்தவர். 1943இல், ஜப்பான்காரன் காலத்தில், தோட்டத்து லயத்தில் பிறந்தார். அவருடைய அப்பாவை அதற்குள் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் திரும்பவில்லை. பிறப்பைப் பதிய ஆளும் இல்லை, அதைப் பற்றி நினைக்க நேரமும் இல்லை. வளர்ந்த பிறகு கையில் கிடைத்தது சிவப்பு அடையாள அட்டை. அதாவது, இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம், ஆனால் இந்த நாட்டுக்காரன் இல்லை. 1968இல் கொண்டுவந்த வேலை அனுமதிச் சட்டத்தை மறு வருடம் இறுக்கிப் பிடித்தபோது, குடிமக்களுக்கான நீல அட்டை இல்லாத தோட்டத் தொழிலாளி பெர்மிட் எடுத்தால்தான் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்க முடியும் என்றாகிவிட்டது. பல்லாயிரம் தமிழர்கள் அந்த நேரத்தில்தான் கப்பல் ஏறினார்கள்.

இந்தக் காற்பந்துச் செய்தியைப் பேப்பரில் படித்துக் காட்டியபோது அவர் என்னிடம் கேட்டது இதுதான்: “அவங்க தாத்தாவுக்கு மலாக்காவுல பொறந்த சூரா (பத்திரம்) எப்படிப்பா கிடைச்சிச்சி? எங்க அண்ணன் இங்கேயே பொறந்து, இங்கேயே பால் மரம் வெட்டி, பெர்மிட் கிடைக்காம ரஜுலா கப்பல்ல போனாரு தம்பி. அவருக்கு யாரும் எழுதிக் குடுக்கலயே.”

நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்ல முடியும்? 2018இல் அறுபது வயதைத் தாண்டிய சிவப்பு அட்டைக்காரர்களுக்குக் குடியுரிமை தருவதாக அரசாங்கம் அறிவித்த பிறகுதான் இவர் கைக்கு நீல அட்டை வந்தது. அப்போது இவருக்கு எழுபத்தைந்து. ஒரு தேர்தலில் ஓட்டுப் போட இவர் அவ்வளவு காலம் காத்திருந்தார்.

இந்தப் பெரியவர் தோட்டக் காற்பந்துக் குழுவின் கோல் கீப்பராக இருந்தவர். இன்றைக்கும் அவர் வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில், கத்தரித்து ஒட்டிய ஆறுமுகத்தின் பேப்பர் படம் இருக்கிறது. நீண்ட கைகளால் ஸ்பைடர்மேன் என்று நாடே கூப்பிட்ட அதே ஆர். ஆறுமுகம்தான். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2–1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற நாளில் கோலைக் காத்தவர் அவர். சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்ததை எதிர்த்து நாம் மாஸ்கோ போகவில்லை. ஆனால் அந்த இரவைப் பற்றிப் பெரியவரிடம் கேட்டால் இரண்டு மணி நேரம் பேசுவார். 1988 டிசம்பரில் கார் விபத்தில் ஆறுமுகம் இறந்தபோது, தோட்டத்தில் சொந்த வீட்டுச் சாவு போல் ஆகிவிட்டது என்பார். அந்தக் காலத்தில் ஓர் அரங்கமே எழுந்து நின்று கத்திய தமிழ்ப் பெயர் அது. மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரன், அதற்கும் முன்னே தனபாலன் என்று பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை.

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், பலரும் திறமை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நான் நேரம் என்றும் திடல் என்றும் சொல்வேன். ரப்பர் மரம் குளிர்ந்த நேரத்தில்தான் நன்றாகப் பால் விடும். அதனால் இருட்டோடு பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் மரம் வெட்டி, பால் எடுத்து, பகலுக்குள் நிறுவையை முடித்துவிடுவார்கள். மாலை முழுக்கக் கையில் இருக்கும். லயத்துக்கு முன்னாலோ கோயிலுக்குப் பக்கத்திலோ ஒரு திடல் இருக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு குழு, தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒரு போட்டி. கிராணி (எழுத்தர்) மகனும் தண்டல் (மேற்பார்வையாளர்) மகனும் மரம் வெட்டுகிறவன் மகனும் ஒரே குழுவில் ஆடுவார்கள். அங்கே நன்றாக ஆடியவன் மாவட்டத்துக்குப் போனான், மாவட்டத்தில் ஆடியவன் பேராக் மாநிலத்துக்கோ சிலாங்கூருக்கோ போனான். யாரும் யாரையும் தேடி அர்ஜென்டினாவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. மாநிலப் பயிற்றுநர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குள் வந்தால் போதும்.

அப்புறம் அந்தத் திடல்கள் போய்விட்டன. ஐம்பதுகளின் கடைசியிலேயே வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்க ஆரம்பித்துவிட்டன. அதைத் தடுக்கத்தான் எங்கள் ஊரின் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாக நடந்து போய், மாதம் பத்து வெள்ளி என்று பங்குப் பணம் சேர்த்து, தொழிலாளியின் காசிலேயே தோட்டம் வாங்கினார். அது பெரிய காரியம். ஆனாலும் அந்த அலையை முழுசாக நிறுத்த முடியவில்லை. ரப்பர் போய் செம்பனை வந்தது, மாலை நேரம் சுருங்கியது. வெளிநாட்டுத் தொழிலாளிகள் வந்தார்கள், நம் குடும்பங்கள் வெளியேறின. தோட்டங்கள் தாமான்களாகின, தாமானில் கடைவரிசை வந்தது, கார் நிறுத்த இடம் வந்தது, திடல் வரவில்லை. மலிவு விலை அடுக்குமாடி வீட்டின் ஐந்தாவது மாடியில் வளர்கிற பையன் பந்தை எங்கே உதைப்பான்?

மேலே இன்னும் கொஞ்ச காலம் நம் பெயர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. 2009இல் லாவோஸில் நடந்த தென்கிழக்காசிய (சீ) விளையாட்டில் இருபது வருடத்துக்குப் பிறகு தங்கம் வாங்கித் தந்த பயிற்றுநர் கே. ராஜகோபால். 2010 டிசம்பரில் இந்தோனேசியாவை வென்று ஆசியான் கிண்ணத்தைக் கொண்டுவந்ததும் அவரே. முதல் ஆட்டம் புக்கிட் ஜாலிலில் 3–0. அன்றைக்கும் அந்த அரங்கு நிரம்பித்தான் இருந்தது. அவருடைய குழுக்களில் குணாளன் இருந்தார், குருசாமி இருந்தார். வெளிநாட்டில் பிறந்த ஒருவரும் இல்லாத குழு அது என்பதை இன்றைக்கு எல்லோரும் மறந்துவிட்டார்கள். பின்னர் இந்தியர் காற்பந்துச் சங்கமான மீஃபாவின் வேரிலிருந்து வந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி குழு, 2022 பருவம் முழுக்க உள்ளூர் ஆட்டக்காரர்களை மட்டும் வைத்து சூப்பர் லீக்கில் ஆடியது. அந்தப் பருவத்தோடு லீக்கைவிட்டே விலகியது. அதற்காகத் தெருவில் இறங்கிய ஒரு ரசிகரையும் நான் பார்க்கவில்லை.

தனியாக ஆடும் விளையாட்டுகளில் நம் பெண்கள் எழுந்து நிற்கிறார்கள், அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தோட்டங்கள் சூழ்ந்த சுங்கை பட்டாணியிலிருந்து வந்த சிவசங்கரி 2022இல் கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து படுத்தார். மறு வருடமே ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்குவாஷ் தங்கம் எடுத்தார், 2024இல் லண்டன் கிளாசிக் பட்டத்தையும் வென்றார். கிள்ளானின் தினா முரளிதரன், பெர்லி டானோடு சேர்ந்து 2025இல் பாரிஸில் உலகப் பூப்பந்து இறுதியாட்டம்வரை போனார். நம் சுதந்திர நாளான ஆகஸ்ட் 31 அன்றுதான் அந்த ஆட்டம். வெள்ளி கிடைத்தது. இந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால் தங்கள் சேமிப்பையும் தூக்கத்தையும் கொடுத்த பெற்றோர்கள் இருக்கிறார்கள். ஆனால் ராக்கெட்டும் கோர்ட் வாடகையும் தனிப் பயிற்சியும் எல்லா வீட்டுக்கும் எட்டாது. காற்பந்துக்கு ஒரு பந்தும் ஒரு திடலும் போதும் என்பதால்தான் தோட்டத்தில் அது வளர்ந்தது.

பூப்பந்து வீராங்கனை கிசோனாவையும் நினைக்கிறேன். 2021 சுடிர்மான் கிண்ண அரையிறுதியில் அவர் தோற்ற அன்று, ஓர் அரசியல்வாதி அவருடைய இனத்தையும் நிறத்தையும் இழுத்து, தோட்டத்தையும் சொல்லித் திட்டிப் பதிவு போட்டார். நாடே அதைக் கண்டித்தது, அவர் மன்னிப்புக் கேட்டார். நாட்டுக்காகத் தங்கம் வாங்கியிருந்த பெண்ணையே நீ எந்த ஊர்க்காரி என்று கேட்க ஒருவருக்கு வாய் வந்தது. அதே நாட்டில், ஏழு பேரின் தாத்தா எந்த ஊர்க்காரர் என்று சரிபார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அவர்களுக்குக் குடியுரிமை எப்படிக் கிடைத்தது என்று அக்டோபரில் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. இத்தனை வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தன் சிறப்பு அதிகாரத்தால் தளர்த்தியதாக உள்துறை அமைச்சர் விளக்கம் தந்தார். சரி, அப்படி ஓர் அதிகாரம் இருக்கிறது என்பதை நாட்டுக்கே தெரிவித்ததற்கு நன்றி. அதை நான் குறித்து வைத்துக்கொண்டேன், காரணம் எங்கள் ஊரில் ஒரு பையன் இருக்கிறான்.

தமிழ்ப்பள்ளித் திடலில் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் சனி, ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பந்து சொல்லித் தருகிறார். அங்கே வருகிற பிள்ளைகளில் ஒருவனுக்கு இடது கால். நான் காற்பந்து நிபுணன் இல்லை, ஆனால் அவன் பந்தை வாங்கித் திரும்பும்போது எதிரே நிற்கிறவன் தடுமாறுவதைப் பார்க்கக் கண் போதும். அவனுடைய அப்பா நீல அட்டைக்காரர். அம்மா தோட்டத்தில் பிறந்தவர், அவருக்குப் பத்திரம் ஏதும் இல்லை. பையன் பிறந்தபோது அவர்களுடைய திருமணம் பதிவாகவில்லை. சட்டப்படி அப்படிப்பட்ட பிள்ளை தாயின் நிலையைத்தான் பெறும். தாய்க்கு நிலையே இல்லை. அவனுடைய பிறப்புப் பத்திரத்தில் ‘புக்கான் வார்காநெகாரா’, அதாவது குடிமகன் இல்லை, என்று அடித்திருக்கிறது. பேராக்கில் பிறந்து, பேராக்கைத் தவிர வேறெதையும் பார்க்காத பிள்ளை. மாநிலத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் பாரத்தில் அடையாள அட்டை எண் கேட்கிறார்கள். அந்த அண்ணன் அவனிடம் இந்த வருடம் வேண்டாம்டா, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, குறிப்பிட்ட வயதுக்குட்பட்ட எவரையும் சிறப்புச் சூழ்நிலையில் குடிமகனாகப் பதிய அரசாங்கத்துக்கு அதிகாரம் தருகிறது. அதன் கீழ் மனு கொடுக்கப் போகிறோம். காற்பந்துச் சங்கத்தையும் நான் ஒன்று கேட்கிறேன். வெளிநாட்டில் ஏழு பேரைத் தேட ஆளும் காசும் இருந்தது அல்லவா? அதே ஆளையும் காசையும் வைத்து, இந்த நாட்டுத் தோட்டப் பள்ளிகளிலும் அடுக்குமாடிகளிலும் ஆடத் தெரிந்தும் அட்டை இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் எடுங்கள். அந்தப் பட்டியலை நீங்களே அமைச்சரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

விஜய் விழாவுக்குப் போய் வந்தவர்களையும் நான் கேட்கிறேன், கோபமாக இல்லை, உரிமையோடு. உங்கள் ஊரில் நம் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வாருங்கள். எங்கள் திடலில் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆடுகிறவர்களின் அம்மாக்கள்தான். நீங்கள் போடும் சத்தத்தைப் பிள்ளைகள் கேட்கட்டும். திடலைக் கடைவரிசையாக்கத் திட்டம் போடுகிறவர்களும் அதைக் கேட்பார்கள்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. பையனுடைய அம்மாவின் குடும்பம் தோட்டத்தில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். வக்கீல் சொன்னபடி, அம்மாவின் தாத்தா வேலை செய்ததைக் காட்டும் எந்தக் காகிதமும் உதவும். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் கிராணியாகவோ மருத்துவமனை டிரெசராகவோ (மருத்துவ உதவியாளராகவோ) இருந்தவர்களின் பிள்ளைகள் இதைப் படித்தால், வீட்டில் அப்பா வைத்துவிட்டுப் போன பழைய பெட்டியைத் தயவுசெய்து திறந்து பாருங்கள். அறுபதுகள், எழுபதுகளின் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவு) புத்தகம், பிள்ளைப் பேறு எழுதிய மருத்துவமனைக் குறிப்பு, பள்ளி வருகைப் பதிவு, பின்புறம் பெயரும் தேதியும் எழுதிய காற்பந்துக் குழுப் படம், எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். தமிழ்ப்பள்ளியில் அந்த அண்ணனிடம் கொண்டுவந்து கொடுத்தால் என்னிடம் வந்து சேரும். மனுவைப் பள்ளி திறந்த கையோடு கொடுக்க வேண்டும்.